புனேயின் கன்னார் தெருவில் ஒரு பாடக்குறிப்பு

கசபா பேட்டைக்குள் நுழைந்து ஒன்றிரண்டு சந்து திரும்பியதும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடுகிறது. டண், டண் என்று ஒரே சீராக. புனேக்காரர்கள் அந்தத் தெருவைத் தாம்பட் ஆளி என்கிறார்கள். நம் ஊர்க் கன்னார் தெருதான். பேஷ்வாக்கள் காலத்திலிருந்து செம்புப் பாத்திரம் அடிக்கும் குடும்பங்கள் இருக்கிற இடம். குறுகலான பட்டறைகள், வாசலில் சாய்த்து வைத்த வட்டத் தகடுகள், பாதி உருவான அண்டாக்கள், கரி படிந்த சுவர்கள்.

அன்று காலை எங்களோடு வந்தவர்கள் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கும் இரண்டு பெண்கள். அடுத்த வாரம் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு 'உலோகங்களும் அலோகங்களும்' நடத்த வேண்டியவர்கள். அழைத்து வந்தவர் அவர்களுடைய வழிகாட்டி ஆசிரியை, என் நெடுநாள் தோழி. நானும் தமிழ்நாட்டில் ஆசிரியப் பயிற்சி மாணவர்களோடு வேலை செய்கிறவள். பாடம் தயாரிப்பதற்கும் பொருள் திரட்டுவதற்கும் அவர் எப்படிப் பழக்குகிறார் என்று கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்பது பல வருட ஆசை. சென்னையில் மும்பை ரயில் ஏறி, குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர் என்று தக்காணத்தின் குறுக்கே வந்து சேர்ந்திருந்தேன்.

பட்டறையில் இருந்த பெரியவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். கால்களால் ஒரு பாத்திரத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு, சுத்தியலை அரை அங்குலம் அரை அங்குலமாக நகர்த்தி அடித்துக்கொண்டிருந்தார். அடி விழுந்த இடமெல்லாம் சின்னச் சின்னக் குழிகள், மீன் செதில் போல வரிசை தப்பாமல். அந்தப் பெண்களில் ஒருத்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"காகா, செம்பு இவ்வளவு அடியையும் தாங்குமா?"

"தாங்காது. கொஞ்ச நேரம் அடித்தால் இறுகிவிடும். இறுகின பிறகும் அடித்தால் விரிசல் விடும். அதனால் நடுவில் உலையில் வைத்துச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவோம். இளகிவிடும். மறுபடி அடிக்கலாம்."

அவள் தோழியைத் திரும்பிப் பார்த்தாள். காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் உலோகம் கெட்டிப்படும் என்றுதான் அவள் படித்திருக்கிறாள். அது எஃகுக்கு. செம்பு நேர்மாறு. 'உலோகங்கள் தகடாகும் தன்மை உடையவை' என்ற ஒற்றை வரியை அவள் பள்ளியிலும் கல்லூரியிலும் எத்தனையோ முறை எழுதியிருப்பாள். அந்த வரிக்குள் ஓர் உலை இருக்கிறது, ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, எப்போது அடியை நிறுத்த வேண்டும் என்று கைக்குத் தெரிந்த ஒரு கணக்கு இருக்கிறது என்பதை அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் பார்த்தாள். நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். பெரியவர் ஒரே தகட்டிலிருந்து இரண்டு பட்டைகளை வெட்டினார். ஒன்றை இறுகும்வரை தட்டினார். இன்னொன்றையும் அதேபோலத் தட்டி, பிறகு காய்ச்சித் தண்ணீரில் முக்கி எடுத்து, இரண்டையும் அவள் கையில் கொடுத்தார். வளைத்துப் பார்க்கச் சொன்னார். முதலாவது முரண்டு பிடித்தது. இரண்டாவது ஈயக் கம்பி மாதிரி வளைந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார்.

தோழியின் முறை இதுதான். பாடக்குறிப்பேட்டைத் திறப்பதற்கு முன்னால் பொருளைக் கையில் எடுக்க வேண்டும். பாடத்தில் வரும் ஒன்றையாவது தேடிப் போய்ப் பார்த்து, தொட்டு, தானே செய்துபார்த்துவிட்டு வந்த பிறகுதான் 'கற்றல் விளைவுகள்' என்ற முதல் கட்டத்தில் பேனா வைக்கலாம். பெரும்பாலான பயிற்சிக் கல்லூரிகளில் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் படிவம் நிரம்புகிறது. நோக்கங்கள், ஆயத்தப்படுத்துதல், விளக்கம், வலுவூட்டல், மதிப்பிடல் என்று கட்டம் கட்டமாக எழுதி முடித்த பிறகு, 'கற்பித்தல் துணைக்கருவிகள்' என்ற கட்டத்தில் 'சார்ட், கரும்பலகை' என்று போட்டுவிட்டு, முந்தின நாள் சாயங்காலம் சார்ட் வாங்கக் கடைக்கு ஓடுவார்கள். அப்போது துணைக்கருவி உண்மையிலேயே துணைக்கு மட்டும்தான் வருகிறது. அதைச் சுவரில் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் பாடம் மாறாது. பொருளை முதலில் எடுத்தவளுக்குப் பாடமே மாறிவிடுகிறது. தாம்பட் ஆளியிலிருந்து திரும்பும்போது அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, "மேடம், தகடாகும் தன்மையோடு இறுகுவதையும் சேர்த்து நடத்தலாமா?" என்பது. எந்தப் படிவமும் அவளை அந்தக் கேள்விக்குக் கொண்டுபோய் விட்டிருக்காது.

படிவத்தின் மேல் எனக்குப் பகையில்லை. ஹெர்பார்ட் என்ற ஜெர்மானியக் கல்வியாளரின் சீடர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐந்து படிகளாக வகுத்த முறைதான் இன்றும் நம் பாடக்குறிப்புகளுக்குள் வேறு வேறு பெயரில் உட்கார்ந்திருக்கிறது. 1960களில் ஸ்டான்ஃபோர்டில் ட்வைட் ஆலனும் அவருடைய கூட்டாளிகளும் தொடங்கிய நுண்ணிலைக் கற்பித்தலும் சேர்ந்துகொண்டது. கேள்வி கேட்கும் திறன், எடுத்துக்காட்டும் திறன் என்று ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்துச் சில நிமிடங்களில் பயிலும் முறை. இரண்டுமே புதியவர்களுக்குப் பிடிமானம் தரக்கூடியவை. ஆனால் எவ்வளவு நல்ல படிவமானாலும், உள்ளே போட ஒன்றுமில்லாதவரிடம் கொடுத்தால் அவர் பக்கத்திலிருப்பவரின் நோட்டைத்தான் பார்த்து எழுதுவார். எழுதிக் கட்டிய ரெக்கார்டுகள் விலைக்குக் கிடைக்கிற நிலை நம் ஊரிலும் வந்துவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாணவர்கள் மேல் கோபம் வருவதில்லை. அவர்களோடு ஒருவர் கடைத்தெருவுக்கும் பட்டறைக்கும் நடந்திருந்தால் அந்த ரெக்கார்டை அவர்கள் வாங்கியிருக்க மாட்டார்கள்.

2014ஆம் ஆண்டு தேசிய ஆசிரியர் கல்வி மன்றம் கொண்டுவந்த விதிகளின்படி பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பானது. பள்ளியில் இருக்க வேண்டிய காலம் மொத்தம் 20 வாரம். முதலாண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. அந்த 16 வாரத்தில் மாணவரோடு பள்ளியில் உட்கார ஆள் வேண்டும் என்பதுதான் நடைமுறையில் விடுபட்டுப்போகிறது. பள்ளி ஆசிரியருக்குத் தன் வகுப்பே தலைக்கு மேல். கல்லூரி ஆசிரியர் வாரத்தில் ஒரு நாள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து உற்றுநோக்கல் தாளில் குறித்துவிட்டுப் போவார். குறிப்பது எப்போதும் பாடம் முடிந்த பிறகு. தோழி இந்த இடத்தில் பிடிவாதமாக இருக்கிறார். பாடத்துக்குப் பிறகு தருகிற அரை மணி நேரத்தைவிடப் பாடத்துக்கு முன்னால் கொடுக்கிற அரை நாள் பெரியது என்று அவர் நினைக்கிறார். பார்த்த பிறகு நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மதியம் அப்பா பல்வந்த் சௌக். புனேயின் புத்தகக் கடைவீதி. பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் இங்கே தோளோடு தோள் உரசித்தான் நடக்க முடியுமாம். நாங்கள் போன சந்தடி குறைந்த நாளிலும் சார்ட் கடைகளில் கூட்டம் இருந்தது. தலைவர்கள், காய்கறிகள், மனித உடல், சூரியக் குடும்பம், எல்லாம் வழவழ காகிதத்தில். தோழி சார்ட் வாங்க விடவில்லை. பழைய பாடப்புத்தகம் விற்கும் நடைபாதைக் கடையில் உட்கார வைத்து ஐந்து, ஆறு, ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகங்களைத் தேடி எடுக்கச் சொன்னார். மகாராஷ்டிரத்தின் பாடநூல்களைத் தயாரிக்கிற பால்பாரதி 1967 ஜனவரியில் இதே ஊரில்தான் தொடங்கப்பட்டது. சேனாபதி பாபட் சாலையில் அதன் அலுவலகம் இருக்கிறது. எட்டாம் வகுப்புக்கு வருகிற பிள்ளை உலோகம் பற்றி இதற்கு முன் எங்கெங்கே, என்னென்ன படித்திருக்கும்? எந்தப் படத்தைப் பார்த்திருக்கும்? எந்தச் சொல்லை முதன்முறையாக இந்த ஆண்டுதான் கேட்கப்போகிறது? மூன்று வருடப் புத்தகங்களையும் மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்கள் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தார்கள். பொருள் திரட்டுவது என்றால் கம்பியும் கரியும் மட்டுமல்ல, பிள்ளையின் தலைக்குள் ஏற்கெனவே கிடப்பதைத் தெரிந்துகொள்வதும் அதில் சேர்த்திதான் என்று தோழி சொன்னார்.

ஜப்பானில் ஆசிரியர்கள் கூடி ஒரே பாடத்தை வாரக்கணக்கில் ஆராய்வார்கள். பாடநூல்களை ஒப்பிட்டு, பொருள்களைச் சோதித்து, பிள்ளைகள் என்ன பதில் சொல்லக்கூடும் என்று முன்கூட்டியே எழுதிவைத்து, பிறகு ஒருவர் நடத்த மற்றவர்கள் கூர்ந்து பார்ப்பார்கள். அங்கே பாடத்துக்கு முந்தைய ஆராய்ச்சிக்கே தனிப் பெயரும் தனி மதிப்பும் உண்டு. நடைபாதைக் கடையில் அந்த மூன்று பேரும் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

அங்கிருந்து தகடூஷேட் கணபதி கோயில் நடை தூரம். கோயிலுக்கு எதிரே ஒரு காலி இடம் இருந்தது. பிடே வாடா நின்ற இடம். 1848இல் ஜோதிராவ் ஃபுலேயும் சாவித்ரிபாயும் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கிய வீடு. பல ஆண்டு வழக்குக்குப் பிறகு, நினைவிடம் கட்டுவதற்காக 2023 டிசம்பரில் அந்தப் பழைய கட்டடம் இடிக்கப்பட்டது. கோயிலுக்கு வந்தவர்கள் பூக்கூடையோடு எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

சாவித்ரிபாய் பிறந்தது 1831 ஜனவரி 3, சாத்தாரா மாவட்டம் நாய்காவில். பள்ளி தொடங்கியபோது பதினேழு வயது. முதல் பெண் ஆசிரியை என்று அவரைக் கொண்டாடுகிறோம். அவர் ஒரு பயிற்சி மாணவியும்கூட என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. திருமணத்துக்குப் பிறகு கணவரிடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். அகமத்நகரில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சிந்தியா ஃபாரர் நடத்திய நிலையத்திலும் புனேயில் மிட்செல் அம்மையாரின் நார்மல் பள்ளியிலும் ஆசிரியப் பயிற்சி பெற்றார். அவருக்குத் தோள் கொடுத்தவர் ஃபாத்திமா ஷேக். தெருவில் சேறும் சாணியும் வீசியவர்களைக் கடந்து, மாற்றுப் புடவையைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்தப் பையில் மறுநாள் பாடத்துக்கான தயாரிப்பும் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இல்லாமல் முக்தா சால்வே வந்திருக்க முடியாது. ஃபுலே தம்பதியின் பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி. மாங், மகார் மக்களின் துயரத்தைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை 1855இல் ஞானோதயா இதழில் வெளிவந்தது. எழுத்துக் கூட்டத் தொடங்கிய சில ஆண்டுகளில் தன் வாழ்வைத் தானே எழுதும் அளவுக்கு ஒரு பிள்ளையைக் கொண்டுவந்த வகுப்பறை அது.

கஞ்ச் பேட்டையில் ஃபுலே வாழ்ந்த வீடு இருக்கிறது. தாழ்ந்த முற்றம், அவர் 1868இல் தீண்டப்படாதவர்களுக்குத் திறந்துவிட்ட கிணறு. அங்கே நிற்கும்போது எனக்கு ஹண்டர் கமிஷன் நினைவு வந்தது. 1882இல் கல்வி பற்றி விசாரிக்க வந்த அந்தக் குழுவிடம் ஃபுலே எழுத்து மூலமாக ஒரு சாட்சியம் கொடுத்தார். பன்னிரண்டு வயது வரையாவது கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும், ஆசிரியர்கள் பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும், மாதம் 12 ரூபாய்க்குக் குறையாமல் சம்பளம் தர வேண்டும் என்று கேட்டார். ஆசிரியர்களை முடிந்தவரை உழவர் குடும்பங்களிலிருந்து எடுக்கச் சொன்னார். அவர்களால்தான் மக்களோடு கூச்சமில்லாமல் பழக முடியும், தேவைப்பட்டால் ஏரின் மேழியையோ தச்சனின் வாய்ச்சியையோ பிடிக்க வெட்கப்பட மாட்டார்கள் என்றார். பயிற்சியில் வழக்கமான பாடங்களோடு வேளாண்மையும் சுகாதாரமும் இருக்க வேண்டும் என்றார்.

ஏரும் வாய்ச்சியும் பிடிக்கிற ஆசிரியர். நூற்றி நாற்பது ஆண்டுகளுக்கு முன் இந்த ஊர்க்காரர் கேட்டது. அந்தக் கோரிக்கையின் நேர்ப் பேரப்பிள்ளையாகத்தான் தாம்பட் ஆளியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்த பெண்ணை நான் பார்க்கிறேன். காந்தியின் ஆதாரக் கல்வித் திட்டத்தின் முதல் மாநாடு 1939 அக்டோபரில் புனேயில்தான் கூடியது. கைத்தொழிலை நடுவில் வைத்துப் பாடங்களைச் சுற்றிலும் பின்னும் அந்த முறைக்கு ஆசிரியர்களை எப்படிப் பழக்குவது என்பதே அந்த நாட்களின் பெரிய கேள்வி. தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் ஆதாரப் பயிற்சிப் பள்ளிகள் வந்ததும், 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கியதும் அதே ஓட்டத்தில் சேர்ந்தவை. தக்ளியில் நூல் நூற்ற ஆசிரியப் பயிற்சி மாணவர்களின் தலைமுறை நம்மிடம் இருந்தது. பிறகு எப்படியோ நூல் அறுந்துபோனது. கைத்தொழில் தனிப் பீரியட் ஆகி, பிறகு அந்தப் பீரியடும் கணக்கு ஆசிரியருக்குப் போய்விட்டது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம்.

மறுநாள் சாவித்ரிபாய் ஃபுலே புனே பல்கலைக்கழக வளாகத்துக்குப் போனோம். 1949இல் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு 2014இல் இந்தப் பெயர் வைத்தார்கள். அதற்குள்ளேதான் ஜெயந்த் நார்லிகர் 1988இல் நிறுவிய வானியல், வான் இயற்பியல் மையமான ஐயூக்கா இருக்கிறது. சார்லஸ் கொரியா வடிவமைத்த கட்டடம். நடு முற்றத்தில் ஆரியபட்டர், கலீலியோ, நியூட்டன், ஐன்ஸ்டைன் சிலைகள். உலகின் முன்னணி விண்ணியலாளர்கள் வந்துபோகும் அந்த இடத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு தனிக் கூடம் இருக்கிறது. முக்தாங்கன் விஞ்ஞான சோதிகா. மராத்தி மக்கள் உயிராக நேசிக்கும் எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டேயின் பெயரிலான அறக்கட்டளை கொடுத்த நன்கொடையில் எழுந்தது.

இங்கேதான் அரவிந்த் குப்தா 2003லிருந்து பதினோரு ஆண்டுகள் வேலை செய்தார். பரேலியில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் படித்து, புனேயில் டெல்கோ கம்பெனியில் சேர்ந்தவர். 1978இல் ஓராண்டு விடுப்பு எடுத்து மத்தியப் பிரதேசம் ஹோஷங்காபாதுக்குப் போனார். அங்கே கிஷோர் பாரதியும் ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டரும் 1972இல் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் கிராமப் பள்ளி ஆசிரியர்களோடு உட்கார்ந்தபோதுதான் தீக்குச்சியும் சைக்கிள் வால்டியூப்பும் அவர் கையில் சேர்ந்தன. செய்முறை இதுதான்: வால்டியூப்பை இரண்டு சென்டிமீட்டர் துண்டாக நறுக்கி, இரு முனையிலும் தீக்குச்சியைச் செருகினால் ஒரு மூட்டு. மூன்று குச்சி, மூன்று மூட்டு, ஒரு முக்கோணம். நான்கானால் சதுரம். துண்டின் நடுவில் கருவேல முள்ளால் ஓட்டை போட்டு இன்னொரு குச்சியை நுழைத்தால் மூன்று முனை மூட்டு. அதைக் கொண்டு நான்முகி, கனசதுரம், வீட்டுக் கூரை என்று போய்க்கொண்டே இருக்கலாம்.

அந்தப் பெண்களில் இரண்டாமவள் கணிதத்தையும் எடுத்துப் படிப்பவள். ஒரு சதுரமும் ஒரு முக்கோணமும் செய்தாள். சதுரத்தை விரலால் தள்ளினாள், சாய்ந்து சரிந்தது. முக்கோணத்தைத் தள்ளினாள், அசையவில்லை. மறுபடியும் தள்ளினாள். "பாலத்தில் ஏன் முக்கோணமாகவே கம்பி வைக்கிறார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை மேடம்" என்றாள். பிறகு சற்று நீளமான ஒரு குச்சியைக் குறுக்கே வைத்துச் சதுரத்தை நிமிர்த்தினாள். பக்கங்கள் சமமானால் முக்கோணங்கள் சர்வசமம் என்ற பாடத்துக்கு அவள் அங்கேயே தயாராகிவிட்டாள்.

அரவிந்த் குப்தாவுக்கு 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் செய்த பொம்மைகளின் படங்களும் புத்தகங்களும் பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாமல் எல்லாருக்கும் கிடைக்கின்றன, தமிழிலும் உண்டு. ஆனால் படத்தைப் பார்ப்பதற்கும் கை படுவதற்கும் உள்ள தூரத்தை அங்கே கண்ணால் பார்த்தேன். ஒரு டார்ச் செல், இரண்டு ஊக்கு, ஒரு ரப்பர் வளையம், ஒரு காந்தம், கொஞ்சம் எனாமல் செப்புக் கம்பி, இவ்வளவில் ஒரு மின்மோட்டார் ஓடும். கம்பியைச் சுருளாகச் சுற்றி, இரு முனைகளையும் சுரண்ட வேண்டும். ஒரு முனையில் முழுக்க. இன்னொன்றில் பாதிச் சுற்றுக்கு எனாமலை விட்டுவிட வேண்டும். முழுக்கச் சுரண்டினால் மின்சாரம் நிற்காமல் பாயும், சுருள் ஆடி ஆடி நின்றுவிடும். பாதியை விட்டால் அரைச் சுற்றுக்கு மின்சாரம் தள்ளும், மீதி அரைச் சுற்றைச் சுருள் தன் வேகத்திலேயே கடக்கும். அந்தப் பெண் பிளேடால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தாள், ஓடவில்லை. தோழி கையை நீட்டி வாங்கவில்லை. "எந்தப் பக்கம் எனாமல் இருக்கிறது, வெளிச்சத்தில் காட்டிச் சொல்லு" என்று மட்டும் கேட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் தானே கண்டுபிடித்து, சரியாகச் சுரண்டி வைத்தாள். சுருள் விர்ரென்று சுற்றியபோது அந்த அறையில் இருந்த எங்கள் எல்லாருக்கும் கை தட்டத் தோன்றியது, தட்டினோம்.

அப்படிக் காத்திருப்பது கடினம். வழிகாட்டுகிறவருக்கு விடை தெரியும், நேரமோ கொஞ்சம், எதிரே இருப்பவர் திணறுகிறார். வாங்கிச் செய்துகாட்டிவிடுவது எளிது. ஆனால் அவள் நாளை ஒரு வகுப்பின் முன்னால் நிற்கப் போகிறவள். நாற்பது சுருள்களில் எதெது ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டியவள்.

ஞாயிற்றுக்கிழமை ஜூனா பஜார். புதன், ஞாயிறுகளில் கூடுகிற பழைய பொருள் சந்தை. துருப்பிடித்த ஸ்பேனர், நின்றுபோன கடிகாரம், பித்தளைக் குழாய், மின்விசிறிக்குள் இருந்து பிரித்த கம்பிச் சுருள். உலோகப் பாடத்துக்கு எட்டுக் குழு, எட்டு டப்பா என்பது கணக்கு. ஒவ்வொன்றிலும் செப்புக் கம்பி, அலுமினியத் துண்டு, ஆணி, அடுப்புக்கரி, பென்சில் ஊசி, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கந்தகத் துண்டு. கூடவே ஒரு செல், ஒரு டார்ச் பல்பு, ஒயர்.

தாம்பட் ஆளியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்த பெண்ணிடம் தோழி ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு கேட்டார். எட்டுச் சுத்தியல் எங்கே? சுத்தியலுக்குப் பதில் உருண்டைக் கல் போதுமா, அடித்துப் பார்த்தாயா? கரியை அடிக்கும்போது துணுக்கு ஒரு பையன் கண்ணில் தெறித்தால்? பழைய பருத்தித் துணியில் சுற்றி அடிக்கலாம் என்று முடிவானது. பென்சில் ஊசி வழியாக விளக்கு எரியுமா? அவள் எரியும் என்றாள், புத்தகத்தில் இருக்கிறது என்றாள். எரித்துக் காட்டச் சொன்னார். சாதா பென்சிலில் எரியவில்லை. களிமண் கலப்பு அதிகம். படம் வரைகிற 6பி பென்சிலைப் பிளந்து சின்னத் துண்டை வைத்தபோது மங்கலாக எரிந்தது. வகுப்பில் நடந்திருந்தால் பிள்ளைகள் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தாது என்று எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இதெல்லாம் முடிந்து இரவு எட்டு மணிக்குத்தான் அந்தப் பெண் பாடக்குறிப்பேட்டைத் திறந்தாள். முக்கால் மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டாள். எழுதுவதற்கு அவளிடம் அவ்வளவு இருந்தது.

பாடம் நடந்த அன்று நான் பின்வரிசையில் ஒரு பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாற்பதுக்கு மேல் பிள்ளைகள், எட்டு வட்டம், கல்லால் அடிக்கிற சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். செம்பு தட்டையானது, கரி துணிக்குள் பொடியானது. பென்சில் ஊசியில் விளக்கு எரிந்ததும் ஒரு குழு, "இது உலோகம்தான் டீச்சர்" என்று கத்தியது. அவள் பதில் சொல்லவில்லை. அடித்தால் என்ன ஆகிறது என்று பார்த்து அட்டவணையில் எழுதச் சொன்னாள். எழுதினார்கள், குழம்பினார்கள், தங்களுக்குள் சண்டை போட்டார்கள். பிறகு தாம்பட் ஆளியின் இரண்டு பட்டைகள் கைமாறின. வளைகிறதும் வளையாததும். இரண்டும் செம்பு என்றபோது ஒரு சிறுமி ஒன்றில் கலப்படம் என்று அடித்துச் சொன்னாள்.

அப்போதுதான் என் பக்கத்தில் இருந்த பையன் எழுந்தான். அவன் அப்பா பங்கார் கடை வைத்திருப்பவர், நம் ஊர்ப் பழைய இரும்புக் கடை. கலப்படம் இல்லை என்றான். கடைக்கு வரும் பழைய ஒயரை நெருப்பில் போட்டு மேலே இருக்கும் பிளாஸ்டிக்கை எரித்தால் உள்ளே கம்பி முன்னைவிட இளசாகிவிடும், தான் வளைத்துப் பார்த்திருக்கிறேன் என்றான். பட்டறைப் பெரியவர் சொன்னதையே அவன் வேறொரு நெருப்பிலிருந்து கற்றிருந்தான். பாடம் நடத்திய பெண் ஒரு கணம் திகைத்து நின்றாள். பிறகு அவனை முன்னால் கூப்பிட்டு வகுப்புக்குச் சொல்லச் சொன்னாள். ஒயர் எரியும் புகை மூச்சுக்குக் கெடுதல் என்பதையும் அவன் மனம் சுருங்காதபடி சேர்த்துச் சொன்னாள். அடிக்கும்போது உள்ளே இருக்கும் நுண்படிகங்கள் நெருக்குண்டு நகர இடமில்லாமல் போவதும், சூட்டில் மறுபடி ஒழுங்காவதும் அடுத்து வந்தன. மணி அடித்துவிட்டது. மதிப்பீட்டுக் கேள்விகளுக்கு நேரம் இல்லை.

பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து மூவரும் பேசினார்கள். மதிப்பிடல் விட்டுப்போனதைப் பற்றி அவள் கவலைப்பட்டாள். தோழி அந்தக் கவலையை ஒதுக்கவில்லை. எட்டு அட்டவணைகளையும் வாங்கி வந்திருக்கிறாயே, அவற்றை இன்றிரவு படி, யாருக்கு எங்கே குழப்பம் என்று அதில் இருக்கும், நாளை முதல் பத்து நிமிடம் அதற்குக் கொடு என்றார். பிறகு கேட்டார்:

"அந்தப் பையன் சொன்னதை உன் பாடக்குறிப்பில் எங்கே எழுதப் போகிறாய்?"

"அதற்குக் கட்டம் இல்லையே மேடம்."

"ஓரத்தில் எழுது. அடுத்த பாடம் என்ன?"

"அரிமானம். செம்பில் பச்சைக் களிம்பு, இரும்பில் துரு."

"பழைய இரும்புக் கடையில் இரண்டுமே கிடைக்கும். அவன் அப்பாவிடம் கேட்டு வைக்கச் சொல். வியாழக்கிழமை சாயங்காலம் போகலாம், நானும் வருகிறேன்."